தெருவில் நிற்கும் மழைநீர்: வடிகால் திட்டம் பற்றிய கேள்வி பதில்

குடியிருப்புகளில் வெள்ளம் புகாமலிருக்க மழைநீர் வடிகாலைப் பெரிதாக்கலாமா என்று நகராட்சி யோசித்துவரும் நேரத்தில், குடியிருப்போர் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: எங்கள் தெருவில் 600 மி.மீ. குழாயை எடுத்துவிட்டு 900 மி.மீ. போடலாம் என்கிறார்கள். வெள்ளம் தீர்ந்துவிடுமா?

குழாய் ஒன்றரை மடங்கு அகலமானால், அதே வாட்டத்தில் (சரிவில்) ஏறக்குறைய 3 மடங்கு தண்ணீர் போகும். ஆனால் கோளாறு குழாயில்தானா என்பது முதலில் தெரிய வேண்டும். அதைப் பார்க்காமல் தெருவைத் தோண்டுவது வீண்.

பெருமழை நின்ற மறுநாள், நகராட்சி ஆட்கள் மேன்ஹோல் மூடியைத் திறக்கும்போது உள்சுவரைப் பாருங்கள். (நீங்களாகத் திறக்காதீர்கள். வெள்ளத்தில் திறந்து கிடக்கும் குழி கண்ணுக்குத் தெரியாது, ஆளையே இழுத்துவிடும்.) இலைத் துணுக்கும் சேறும் ஒட்டி ஒரு கோடு இருக்கும். தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றும் அந்தக் கோடு சாலை மட்டத்துக்கு ஒரு முழம் கீழேயே இருந்தால், குழாயில் இடம் இருந்திருக்கிறது, தண்ணீர்தான் உள்ளே இறங்கவில்லை. சாலையோரக் கம்பிவலை அடைத்திருக்கும், அல்லது போதாமல் இருக்கும், அல்லது தார் மேல் தார் போட்டுச் சாலையின் வாட்டமே மாறியிருக்கும். இதற்குப் புதுக் குழாய் தேவையில்லை. பள்ளமான இடத்தில் கூடுதலாக நாலு நீர்வாய் (சாலைநீர் வடிகாலுக்குள் இறங்கும் திறப்பு) வைத்தாலே பெரும்பாலும் போதும்.

கோடு மூடிவரை ஏறியிருந்தால், நீரோட்டத் திசையிலேயே அடுத்தடுத்த மேன்ஹோல்களைப் பார்த்துக்கொண்டு போங்கள். எந்த இரண்டுக்கு நடுவில் கோடு திடீரென்று இறங்குகிறதோ, அங்கேதான் அடைப்போ குறுகலோ இருக்கிறது. வடிகாலுக்குக் குறுக்கே துளைத்துப் போன கேபிள் குழாயில் குப்பை சிக்கி நிற்பது அடிக்கடி காணும் காட்சி. கடைசிவரை கோடு இறங்கவே இல்லை என்றால், தண்ணீர் போய்ச் சேரும் ஆறோ கால்வாயோ உயர்ந்து தடுத்திருக்கிறது.

கேள்வி: குழாயின் அளவை எப்படி முடிவு செய்கிறார்கள்?

சிறிய பகுதிக்குக் கணக்கு எளிது. பரப்பை ஹெக்டேரிலும் மழைவேகத்தை மணிக்கு மி.மீ.யிலும் எடுத்து, வழிந்தோடும் பங்கால் (பெய்யும் மழையில் மண்ணில் இறங்காமல் ஓடிவரும் பங்கு) பெருக்கி, 360-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். 10 ஹெக்டேர், பங்கு 0.7, மழை மணிக்கு 60 மி.மீ. என்றால் 1.17 கன மீட்டர். 300-க்கு 1 வாட்டத்தில் (300 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம்) 900 மி.மீ. கான்கிரீட் குழாய் நிரம்பி ஓடினால் ஏறத்தாழ 1.05 கன மீட்டர்தான் கடத்தும். போதாது. 1,000 மி.மீ. குழாய் 1.38 கடத்தும்.

தவறு நடப்பது மழைவேகத்தில். ஒரு நாள் மழையை 24-ஆல் வகுத்து எடுக்கக் கூடாது. பகுதியின் தொலைவான மூலையிலிருந்து தண்ணீர் வந்துசேர 15 நிமிடம் ஆகுமானால், 15 நிமிட மழையின் வேகத்தை எடுக்க வேண்டும். திட்ட அறிக்கையில் இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: "10 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை"க்கு வடிவமைத்தால் 10 ஆண்டுக்குக் கவலையில்லையா?

அப்படியில்லை. எந்த ஆண்டிலும் அதற்கு 10 சதவீத வாய்ப்பு உண்டு. 10 ஆண்டுகளுக்குள் ஒருமுறையாவது வர 65 சதவீதம்.

கேள்வி: மேல்தெருவில் குழாயைப் பெரிதாக்கினால், கீழ்த்தெருவில் இருக்கும் எங்கள் கதி?

நியாயமான பயம். மேலே விரைவாக வடிவது கீழே விரைவாக வந்து குவியும். அதனால் வேலையைக் கடைக்கோடியிலிருந்து மேல்நோக்கிச் செய்யச் சொல்லுங்கள். கீழே பெரிதாக்க இடமில்லையென்றால் நடுவில் தேக்கி மெல்ல விடலாம். குழாய் கடத்தும் அளவுக்கு மேல் நொடிக்கு 0.5 கன மீட்டர் வீதம் அரை மணி நேரம் வந்தால், மொத்தம் 900 கன மீட்டர். 30 மீட்டருக்கு 20 மீட்டர் மைதானத்தை 1.5 மீட்டர் தாழ்த்தினால் அது அடங்கும். வெளியேறும் துளை சிறியது, ஒரு பிளாஸ்டிக் பையே அடைத்துவிடும். முன்னால் வலை வேண்டும், மைதானம் ஒரு நாளுக்குள் காலியாக வேண்டும். இல்லையேல் அடுத்த மழைக்கு இடமிருக்காது.

கேள்வி: ஆறு பெருகினால் வடிகால் வழியே தண்ணீர் திரும்பி வருகிறதே?

குழாய் வாயில் ஒருவழிக் கதவு வைப்பார்கள். ஒரு மரத்துண்டு சிக்கினாலும் அது மூடாது, ஆகவே மழைக்கு முன் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். கதவு மூடியபின் ஊருக்குள் பெய்யும் மழைக்கு வழியில்லை. எனவே பம்பும், மின்சாரம் போனால் ஜெனரேட்டரும் சேர்ந்ததுதான் முழுத் திட்டம். கதவுக்கு மட்டும் பணம் ஒதுக்கியிருந்தால் ஆட்சேபம் தெரிவியுங்கள்.

கேள்வி: தூர்வாரினாலே போதாதா?

சில இடங்களில் போதும். குழாய் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வண்டல் படிந்தால் 29 சதவீத இடம் போய்விடும். எடுத்த சேற்றைக் கரையிலேயே குவித்து வைத்தால் அடுத்த மழையில் அதே சேறு உள்ளே போகும். அன்றே லாரியில் ஏற்ற வேண்டும். மழையில்லாத நாளிலும் வடிகாலில் நீர் ஓடுகிறதா? பெரும்பாலும் யாரோ கழிவுநீரை இணைத்திருக்கிறார்கள், சாயம் ஊற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

கேள்வி: வேலை நடக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வாட்டத்தை. 300-க்கு 1 என்றால் 2.4 மீட்டர் நீளக் குழாய் 8 மி.மீ. மட்டுமே இறங்கும். அடியில் ஒரு மண்கட்டி கிடந்தாலே தண்ணீர் எதிர்ப்பக்கம் சாயும், அங்கே வண்டல் தங்கும். ஒவ்வொரு குழாய்க்கும் மட்டம் பார்க்க வேண்டும். குழாயின் அகன்ற வாய் தண்ணீர் வரும் மேட்டுப்பக்கம் நோக்கி இருக்க வேண்டும். பக்கவாட்டு மண்ணை 150 மி.மீ. அடுக்காகப் போட்டு இடிக்க வேண்டும், மொத்தமாகக் கொட்டினால் பின்னால் சாலை உள்வாங்கும். சாலையை மூடுமுன் குழாய்க்குள் கேமரா ஓட்டிய பதிவைக் கேளுங்கள். புதுத் தார் போடுமுன் பழையதைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாலை உயர்ந்து மழைநீர் வீட்டுவாசல் பக்கம் திரும்பும்.