சூடாகும் லினக்ஸ் மடிக்கணினி: வேகத்தைச் சற்றுக் குறைத்தால் வேலை தடைபடாது

கேள்வி: இன்டெல் பிராசசர் கொண்ட மடிக்கணினியில் லினக்ஸ் பயன்படுத்துகிறேன். பெரிய நிரல்களைக் கம்பைல் செய்யும்போது வெப்பநிலை 95 டிகிரியைத் தொடுகிறது. சில நிமிடங்களில் வேகமும் விழுந்துவிடுகிறது. பிராசசரின் வேகத்தை நிர்வகிக்கும் அமைப்பான கவர்னரை 'பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: 95 டிகிரியைக் கண்டு அஞ்ச வேண்டாம். இன்டெல் மடிக்கணினி பிராசசர்கள் பலவற்றுக்கு உச்சவரம்பு 100 டிகிரி செல்சியஸ். அதை எட்டும்போது அவை தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் வேகம் விழுவதற்கு வெப்பம்தான் காரணமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேலை ஓடும்போது ஒரு டெர்மினலில் 'சென்சார்ஸ்' கட்டளையையும், மற்றொன்றில் ரூட் உரிமையுடன் 'டர்போஸ்டாட்' கருவியையும் ஓடவிட்டு, வெப்பநிலை, மெகாஹெர்ட்ஸ், வாட் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். வெப்பநிலை 75 அளவில் இருக்கும்போதே வேகம் குறைந்து, வாட் ஓர் எண்ணில் அசையாமல் நின்றால், தடுப்பது பெரும்பாலும் தயாரிப்பாளர் விதித்த நீண்டநேர மின்வரம்பு. வெப்பநிலை உச்சத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, மெகாஹெர்ட்ஸ் ஏறி ஏறி இறங்கினால் வெப்பமே காரணம். (வன்பொருள் விவரங்களை லினக்ஸ் கோப்புகளாகக் காட்டும் சிஸ் கோப்பு முறைமையில் நேரடியாகப் பார்ப்பவர்கள் 67000 என்ற எண்ணைக் கண்டு திகைக்க வேண்டாம், அது 67 டிகிரிதான், டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அலகில் எழுதப்படுகிறது.) வேலையே இல்லாதபோதும் 70 டிகிரிக்கு மேல் காட்டினால், பின்னணியில் எந்த நிரலும் பிராசசரைப் பிடித்து வைத்திருக்கவில்லை என்று பார்த்துவிட்டு, விசிறியிலும் காற்றுத் துளைகளிலும் படிந்த தூசியை அகற்றுங்கள்.

கவர்னர் மாற்றம் பயன் தராததில் வியப்பில்லை. பிராசசர் வேகத்தை மாற்றும் இன்டெல் பிஸ்டேட் இயக்கியில் 'பவர்சேவ்' என்ற கவர்னரின் பெயர் பலரைத் தவறாக எண்ண வைக்கிறது; முழுச் சுமை வந்தால் அதுவும் உச்ச வேகம் வரை ஏறும். பயன் தருவது அந்த உச்சத்தைக் குறைப்பதுதான். பிராசசர் செலவிடும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. டர்போவின், அதாவது அடிப்படை வேகத்தைத் தாண்டி பிராசசர் எட்டும் கூடுதல் வேகத்தின், கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மின்னழுத்தமும் ஏற வேண்டியிருப்பதால், சிறிய வேகத்துக்குப் பெரும் வெப்பத்தை விலையாகக் கொடுக்கிறோம். சிஸ் கோப்பு முறைமையில் இன்டெல் பிஸ்டேட் கோப்புறையிலுள்ள 'நோ டர்போ' கோப்பில் 1 என்று எழுதினால் டர்போ அடியோடு நின்றுவிடும். அடிப்படை வேகம் குறைவான மடிக்கணினிகளில் அது மிகையான மருந்து. அதே கோப்புறையிலுள்ள, உச்ச வேகத்தைச் சதவீதத்தில் குறிக்கும் 'மேக்ஸ் பெர்ஃப்' கோப்பையே நான் பரிந்துரைப்பேன். ஏஎம்டி பிராசசர்களில் 'பூஸ்ட்' கோப்பில் 0 என்று எழுதுவது டர்போவை நிறுத்துவதற்கு இணையானது.

இம்மாற்றங்கள் மறுதொடக்கத்தில் அழிந்துவிடும். நிலைக்கச் செய்ய, மின்சேமிப்பு அமைப்புகளை நிர்வகிக்கும் டிஎல்பி என்ற கருவி போதும். ஆனால் அதையும் அதே வகை வேலையைச் செய்யும் பவர் ப்ரொஃபைல்ஸ் டீமன் என்ற பின்னணிச் சேவையையும் ஒன்றாக ஓடவிடாதீர்கள், ஒன்று எழுதியதை மற்றொன்று மாற்றும். இன்டெலுக்கான வெப்பக் கட்டுப்பாட்டுச் சேவையான தெர்மால்டி, பிராசசர் தானே வேகத்தை வெட்டும் நிலைக்குப் போகும் முன்பே படிப்படியாகக் குறைப்பதால், அதை நிறுத்தாமல் விடுங்கள்.

தொடக்கமாக 'மேக்ஸ் பெர்ஃப்' அளவை 85 சதவீதமாக வையுங்கள். ஒரே நிரலை 'டைம்' கட்டளையுடன் கம்பைல் செய்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஐந்தைந்தாகக் குறையுங்கள். நேரம் கூடத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி மேலே நிறுத்திவிடலாம்.