எல்லாம் தந்தார், நிறைவு ஏன் வரவில்லை?

கேள்வி: வளைகுடாவில் பல வருடம் பாடுபட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். கர்த்தர் மாடி வீடு தந்தார், கார் தந்தார், ஒரு ரப்பர் விளை (தோட்டம்) வாங்கவும் உதவி செய்தார். சபையில் எழுந்து சாட்சியும் சொன்னேன். ஆனாலும் மனதில் நிறைவு இல்லை. பக்கத்தில் ஒருவர் பெரிய வீடு கட்டினால் தூக்கம் கெடுகிறது. என் விசுவாசத்தில் குறையா? இப்போது மகனுக்குப் பெண் பார்க்கிறோம். அதுவும் நல்லபடியாக முடிந்தால் மனம் அடங்கிவிடுமா?
— வாசகர் ஒருவர், மார்த்தாண்டம்

பதில்: அடங்காது, சகோதரரே. வீடு கட்டி முடித்தபோது அடங்காத மனம் கல்யாணத்தில் அடங்காது. அப்புறம் பேரனின் படிப்பு, அவனுக்கு ஒரு சீட் என்று அது போய்க்கொண்டே இருக்கும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கர்த்தர் தந்தவற்றைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கர்த்தரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவரோடு பேசினேன், அவருடைய வார்த்தை என்னைத் தேற்றியது, அவர் என் பாவத்தை மன்னித்தார் என்று எதுவும் இல்லை. கேட்டதைக் கொடுத்து அனுப்புகிற ஒருவராகவே அவரை வைத்திருக்கிறீர்கள். கொடுத்ததில் நிறைவு வராதபோது கொடுத்தவர்மேல் சந்தேகம் வருகிறது.

இதற்கு உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சாட்சி என்றாலே வேலை கிடைத்தது, விசா வந்தது, கடன் தீர்ந்தது என்பதுதான் என்று நம் சபைகளே பழக்கிவிட்டன. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. கணவனையோ மகனையோ கடலில் விட்டுவிட்டு, அதன் பிறகும் ஆலயத்துக்கு வந்து முழங்கால் போடுகிற ஒரு பெண்ணுக்கு, நம் கணக்குப்படி சாட்சி சொல்ல என்ன இருக்கிறது? அவள் எழுந்து நின்று, "என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் அவரை விடமாட்டேன்" என்று சொன்னால், அதைவிடப் பெரிய சாட்சியை நான் எங்கேயும் கேட்கப் போவதில்லை.

நம் குமரி மாவட்டத்திலேயே இதற்கு ஒருவர் இருக்கிறார். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டபிள்ளை. அரண்மனையில் உத்தியோகம், நல்ல குடும்பம், நிலபுலம். ஒரு கட்டத்தில் மாடுகள் சாக, பயிர் அழிய, நொந்துபோனார். குளச்சல் போரில் 1741-இல் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படையிலேயே தலைவரான டச்சுக்காரர் டிலனாய், அவருக்கு வேதாகமத்திலிருந்து, எல்லாவற்றையும் இழந்தும் தேவனை விடாத யோபுவின் கதையைச் சொன்னார். அந்தக் கதைதான் அவரைக் கிறிஸ்துவிடம் கொண்டுபோனது. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார்.

சரி, விசுவாசித்த பிறகு இழந்த மாடும் வயலும் இரட்டிப்பாகத் திரும்பி வந்ததா? இல்லை. இருந்த உத்தியோகமும் போனது. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப்போய் அவமானப்படுத்தினார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 2022-இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தது. நீங்கள் எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் அவர் நம் எல்லாருக்கும் சொந்தம். நாம் யோபுவின் புத்தகத்தில் கடைசி அதிகாரத்தைத்தான் பிடித்துக்கொள்கிறோம். ஆடும் ஒட்டகமும் இரண்டு மடங்காகக் கிடைக்கிற அதிகாரம் அது. தேவசகாயத்துக்கு அந்தக் கடைசி அதிகாரம் இந்த உலகத்தில் கிடைக்கவே இல்லை. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற முதல் அதிகாரத்திலேயே வாழ்ந்து, அதிலேயே உயிரை விட்டார். அவர் கிறிஸ்துவைப் பிடித்துக்கொண்டது மாட்டுக்காகவோ வயலுக்காகவோ இருந்திருந்தால், காற்றாடிமலை வரை போயிருக்கவே மாட்டார்.

"என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" (பிலிப்பியர் 4:13) என்ற வசனம் உங்கள் காரிலும் ஒட்டியிருக்கலாம். நம் ஊரில் பாதிக் கார்களில் இருக்கிறது. அதற்கு முந்தின இரண்டு வசனங்களையும் சேர்த்துப் படியுங்கள். பவுல் அதை எழுதியது சிறையிலிருந்து. பட்டினியாக இருந்தாலும் நிறைவாக இருந்தாலும் மனரம்மியமாக இருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். பவுலுக்கே அது ஒரே நாளில் வரவில்லை, கற்க வேண்டியிருந்தது. கார் வாங்குவதற்கான பெலனைப் பற்றி அவர் பேசவில்லை. கார் இல்லாமலும் கலங்காமல் இருப்பதற்கான பெலனைப் பற்றிப் பேசுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் போதனையைத் தப்பாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அண்டியாபீஸில் முந்திரி உடைக்கிற பெண் கூலி உயர்வு கேட்டால், "போதுமென்ற மனம் வேண்டும், அம்மா" என்று அவளிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. தோள்சீலைக்காக, அதாவது மாரை மறைக்கும் மேலாடைக்காக, போராடிய நம் பாட்டிமார் விசுவாசத்தில் குறைந்தவர்களா? மானத்தோடு உடுக்கும் உரிமைக்காக அடிபட்டார்கள், 1859-இல் திருவிதாங்கூர் அரசாணை வரும்வரை விடவில்லை. போதுமென்ற மனம் அநியாயத்துக்குத் தலையாட்டுவதில்லை. அந்தப் பாடம் வயிறு நிறைந்த பிறகும் கை நீட்டுகிற எனக்கும் உங்களுக்கும்தான்.

இனி உங்கள் மகனின் கல்யாணம். "நல்லபடியாக" என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பவுன் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டீர்களா? நம் மாவட்டத்தில் பெண்ணைப் பெற்ற விசுவாசி, விளையை விற்றும் கடன் வாங்கியும் அந்தப் பவுனைச் சேர்க்கிறார். ஆலயத்தில் போதகர் முன்னால் ஜெபத்தோடு நடக்கிற கல்யாணத்துக்குப் பின்னால் அந்தக் கண்ணீர் இருக்கிறது. கர்த்தர் போதும் என்று பாடுகிறோம். ஆனால் மருமகள் மட்டும் வெறும் கழுத்தோடு வந்தால் நமக்குப் போதாது.

இதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறேன். தரகரிடம் இன்றைக்கே, நகையும் ரொக்கமும் வேண்டாம், பெண்ணின் குணமும் பக்தியும் போதும் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் மனைவி தயங்கினால் இருவரும் சேர்ந்து ஜெபித்துவிட்டுச் சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் பேசத்தான் செய்வார்கள், பேசட்டும். அப்புறம், சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் கொஞ்ச நாள் எதையும் கேட்காமல் இருந்து பாருங்கள். ஒரு சங்கீதத்தை வாசித்து, அதில் அவர் எப்படிப்பட்டவர் என்று இருக்கிறதோ அதற்காக நன்றி சொல்லுங்கள். ஆரம்பத்தில் ஜெபம் சீக்கிரம் முடிந்துவிடும், சொல்ல ஒன்றும் இருக்காது. விட்டுவிடாதீர்கள். மறுபடி சாட்சி சொல்ல எழும்பும்போது வீட்டையும் காரையும் விட்டுவிட்டு, அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.