எல்கேஜி ஃபீஸுக்கு செயினை அடகு வைக்கலாமா?

கேள்வி: அண்ணா, வீட்டுக்காரர் வெல்டிங் வேலைக்குப் போறார், நான் வீட்லயே தையல். ரெண்டு பேருக்கும் சேர்த்து மாசம் 16,000 வரும். பொண்ணுக்கு வர்ற ஜூன்ல மூணு வயசு முடியுது. பக்கத்து மெட்ரிக் ஸ்கூல்ல எல்கேஜிக்கு 38,000 கேக்குறாங்க. அம்மா போட்ட செயினை அடகு கடையில வச்சு கட்டிடலாம்னு பாக்குறோம், ரெண்டு வட்டிதானாம். பால்வாடிக்கு அனுப்பினா பின்தங்கிடுவாளோன்னு பயமா இருக்கு. என்ன பண்றது?

பதில்: வைக்காதீங்கம்மா. முதல்ல இந்த "ரெண்டு வட்டிதான்" கணக்கைப் பார்த்துடலாம். 38,000-க்கு மாசம் 760 ரூபா, வருஷத்துக்கு 9,120. இது வெறும் வட்டி, அசல் அப்படியே நிக்கும். அதை அடைக்கறதுக்குள்ள யூகேஜி ஃபீஸ் வந்து நிக்கும், அப்புறம் ஒண்ணாங்கிளாஸ். 16,000 வருமானத்துல இதை மீட்கறதுக்கு வழியே இல்ல, நகை ஏலத்துக்குப் போறதுதான் நடக்கும். இப்படிப் போன செயினை நிறைய பார்த்துட்டேன், அதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

உங்க வருமானம் வருஷத்துக்கு 1,92,000 வருது இல்லையா, அதுலதான் விஷயமே இருக்கு. 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் ஸ்கூல்ல ஆரம்ப வகுப்புல 25 சதவீத சீட்டை ஏழைப் பிள்ளைங்களுக்கு ஒதுக்கணும், நாம ஆர்டிஇ சீட்டுன்னு சொல்றது இதைத்தான். தமிழ்நாட்டுல வருஷ வருமானம் 2 லட்சத்துக்குள்ள இருந்தா நலிவடைந்த பிரிவுல அப்ளை பண்ணலாம். எட்டாவது வரைக்கும் படிப்பு கட்டணம் கிடையாது, ஸ்கூலுக்கு அரசாங்கம் கொடுத்துடும். ஜூலை 31-க்குள்ள மூணு வயசு முடிஞ்சிருக்கணும், உங்க பொண்ணுக்கு சரியா அமையுது. வீட்லருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கற ஸ்கூலுக்குத்தான் முன்னுரிமை, சீட்டை விட அப்ளிகேஷன் அதிகமா இருந்தா குலுக்கல் போடுவாங்க. ஒண்ணு மட்டும் விசாரிச்சுக்குங்க, சிறுபான்மையினர் நடத்துற ஸ்கூலுக்கு இந்த சட்டம் பொருந்தாதுன்னு 2014-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு, அதனால நீங்க பார்த்த ஸ்கூல் அந்த வகையான்னு கேட்டுடுங்க.

வருமானச் சான்றுக்கு இப்பவே இ-சேவை மையத்துல போட்டுடுங்க. விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு மூணு கை மாறி வரணும், கடைசி நேரத்துல ஓடினா கிடைக்காது. பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டும் எடுத்து வச்சுக்குங்க.

ஆனா இதை மட்டும் நம்பி உக்காந்துடாதீங்க. 2025-ல என்ன ஆச்சு, மத்திய அரசுகிட்டருந்து நிதி வரலன்னு வழக்கமா ஏப்ரல் மே-ல நடக்கற அட்மிஷன் அக்டோபர் வரை தள்ளிப்போச்சு, ஜூன்லயே ஸ்கூல் தொறந்துட்டாங்க, பெத்தவங்க தவிச்சுட்டாங்க. சீட்டு கிடைச்சாலும் புக்ஸ், யூனிஃபார்ம், வேன்னு சில ஸ்கூல்ல காசு கேப்பாங்க. என்னென்ன கட்டணும்னு சேர்க்கறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிக்குங்க, நன்கொடைன்னு கேட்டா அது சட்டப்படியே தப்பு, கொடுக்க வேணாம்.

பால்வாடி பத்தி உங்க பயம் புரியுது, எல்லா அம்மாவுக்கும் இருக்கறதுதான். ஆனா போய்ப் பார்க்காம முடிவு பண்ணாதீங்க. 1975-ல ஆரம்பிச்ச திட்டம், தமிழ்நாட்டுல மட்டும் 54,000-க்கு மேல மையம் இருக்கு. மதியம் சூடா சாப்பாடு, வாரத்துல முட்டை, எடை பார்க்கறது, தடுப்பூசி, பாட்டு, கதை, விளையாட்டு எல்லாம் பைசா செலவில்லாம. மூணு வயசுப் பிள்ளைக்கு பேச்சும் விளையாட்டும் வயித்துக்கு சாப்பாடும்தான் படிப்பு, ஏ பி சி டி எழுதறது அப்புறம் வந்துக்கும். 2019-லருந்து சில அரசு நடுநிலைப்பள்ளி வளாகத்துல இருக்கற அங்கன்வாடியிலயே எல்கேஜி, யூகேஜி வகுப்பும் நடக்குது, உங்க பக்கத்துல இருக்கான்னு தலைமையாசிரியர்கிட்ட கேளுங்க. ஒரு நாள் காலைல பத்து மணிக்குப் போய் அரை மணி நேரம் உக்காந்து பாருங்க. டீச்சர் பிள்ளைங்களோட பேசறாங்களா, பாத்ரூம் சுத்தமா இருக்கா, இதைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். எல்லா மையமும் ஒரே மாதிரி இருக்காது, அது நிஜம்தான். நல்லா இல்லன்னா அடுத்த தெரு மையத்தைப் பாருங்க.

இன்னொண்ணு, இதை யாரும் முன்னாடியே யோசிக்கறதில்ல. ஆர்டிஇ எட்டாவதோட முடிஞ்சிடும், ஒன்பதாவதுலருந்து முழு ஃபீஸ். அப்ப அரசுப் பள்ளிக்கு மாத்திட்டா பரவாயில்ல, ஆர்டிஇ-ல எட்டு வரை படிச்சு ஒன்பதுலருந்து பன்னெண்டு வரை அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுக்கும் காலேஜ் படிக்கறப்போ புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 உண்டு. நாமளே ஃபீஸ் கட்டி தனியார்ல படிக்க வச்சா அது வராது.

ஃபீஸுக்குன்னு மாசம் எப்படியும் ஏதோ ஒதுக்கத்தானே இருந்தீங்க, அதுல முடிஞ்சதை போஸ்ட் ஆபீஸ்ல செல்வமகள் கணக்குல போடுங்க. வருஷத்துக்கு 250 போட்டாலே கணக்கு ஓடும். 2024 ஜனவரியிலருந்து வட்டி 8.2 சதவீதம், இது காலாண்டுக்கு ஒரு தடவை மாறலாம். இதே வட்டி நீடிச்சா மாசம் 1,000 வீதம் 15 வருஷம் கட்டினா, கணக்கு தொறந்து 21 வருஷத்துல அஞ்சரை லட்சம் பக்கம் வரும். 18 வயசு ஆனதும் காலேஜுக்காக பாதி வரைக்கும் எடுக்கலாம். 1,000 முடியலயா, 300 போடுங்க, தையல் நல்லா ஓடுற தீபாவளி மாசத்துல சேர்த்துப் போடுங்க. வருமானச் சான்றுக்கு ஓடுற அன்னைக்கே பொண்ணோட பிறப்புச் சான்று, உங்க ஆதார், ரெண்டு போட்டோவையும் எடுத்துட்டுப் போனா இந்த வேலையையும் முடிச்சிடலாம்.