உபரியும் ஹைப்பரும் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது தர்மபுரியில் நர்சிங் முதலாண்டு. மருத்துவச் சொற்களில் வரும் கிரேக்க முன்னொட்டுகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறேன். பரீட்சையில் எழுதிவிட முடிகிறது. வார்டில் கேஸ் ஷீட்டைப் பார்த்தால் எல்லாம் குழம்புகிறது. 'ஹைப்போ' என்றால் குறைவு என்று படித்தேன். ஹைப்போடெர்மிக் ஊசியில் என்ன குறைவு?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

அதில் எதுவும் குறையவில்லை. ஹைப்போவின் அடிப்படைப் பொருள் 'கீழே'. டெர்மா என்றால் தோல். தோலுக்குக் கீழே இறங்கும் ஊசி. அளவில் கீழே போனாலும் ஹைப்போதான், இடத்தால் கீழே இருந்தாலும் ஹைப்போதான். எது என்பதைச் சொல்லின் வால் காட்டிக்கொடுக்கும். அதனால் வாலிலிருந்து படியுங்கள். '-ஈமியா' வந்தால் ரத்தத்தில் ஏதோ ஒன்றின் அளவு. ஹைப்போகிளைசீமியா என்றால் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மி.கி.க்குக் கீழே. உறுப்பின் பெயரோடு சொல் நின்றுவிட்டால் இடம்: ஹைப்போதாலமஸ், மூளையில் தாலமஸுக்குக் கீழே இருப்பது. உறுப்புக்குப் பின்னால் '-இசம்' ஒட்டினால் மறுபடி அளவு: ஹைப்போதைராய்டிசம், தைராய்டு சுரப்பு குறைவு. வார்டில் வாலை நறுக்கிவிட்டு 'ஹைப்போதைராய்டு' என்பார்கள். தைராய்டுக்கு அடியில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

பட்டியலை மூடி வையுங்கள். தமிழ் வழியில் படித்தது இங்கே கைகொடுக்கும். கிரேக்கமும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக்குடும்பம். சமஸ்கிருதம் வழியாக நம்மிடம் வந்த சொற்களின் தலையில் இதே முன்னொட்டுகளின் பங்காளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். 'மேலே, அதிகம்' என்ற பொருளுள்ள ஹைப்பரின் பங்காளி 'உபரி'. காவிரி உபரி நீரை ஏரிகளுக்குக் கொண்டுவாருங்கள் என்று உங்கள் மாவட்டத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே, அதே உபரி. ஹைப்போவுக்கு 'உப': உபநதி. 'சுற்றி' என்ற பெரிக்குப் 'பரி': கணக்குப் பாடத்தில் வட்டத்தின் பரிதி, இங்கே இதயத்தைச் சுற்றிய உறையான பெரிகார்டியம். 'கெட்ட, சிரமமான' என்ற டிஸ்ஸுக்குத் 'துர்': துர்நாற்றம். அநியாயம், அனாவசியம் இரண்டையும் பாருங்கள். மெய்க்கு முன் அ, உயிருக்கு முன் அன். கிரேக்கத்திலும் அதே கணக்கு: அஃபேசியா (பேச்சிழப்பு), அனாக்சியா (ஆக்சிஜன் இல்லாமை).

இனி ஒரே வாலுக்குத் தலையை மட்டும் மாற்றிப் பாருங்கள். '-யூரியா' என்றால் சிறுநீர். பெரியவர்களுக்கு ஒரு நாளில் யூரோபேகில், அதாவது சிறுநீர்ப் பையில் சேர்வது 400 மில்லிக்குக் கீழே என்றால் ஒலிகூரியா, 100 மில்லிக்குக் கீழே என்றால் அனூரியா, 3 லிட்டரைத் தாண்டினால் பாலியூரியா. டிஸ்யூரியாவுக்கு அளவே கிடையாது, கழிக்கும்போது வலி அல்லது எரிச்சல். எண்ணோடு சேர்த்துப் படித்தால் இன்டேக்-அவுட்புட் சார்ட் எழுதும்போது தானாக வரும்.

ஹைப்பர், ஹைப்போ குழப்பம் பரீட்சையோடு போவதில்லை. போனில் கேட்டால் இரண்டுக்கும் கடைசி அசைதான் வித்தியாசம். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கலாம். குறைந்தவருக்கு ட்ரிப்பில் மெதுவாக ஏற்றுவார்கள்; ஏற்கெனவே கூடியிருப்பவருக்கு அதையே ஏற்றினால் இதயம் நின்றுவிடலாம். எனவே சொல்லை மட்டும் சொல்லாதீர்கள். "ஹைப்பர்கலீமியா, பொட்டாசியம் 6.2, அதிகம்" என்று எண்ணையும் சேர்த்துச் சொல்லி, எதிரில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

முன்னொட்டு காரணத்தைச் சொல்லாது என்பதும் முக்கியம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு பல இடங்களில் லிட்டருக்கு 1.5 மி.கி. என்ற வரம்பைத் தாண்டுகிறது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்ததே அதற்காகத்தான். ஃப்ளோரைடு கூடினால் எல்லாமே 'ஹைப்பர்' ஆகும் என்று தோன்றும். பல்லில் நடப்பது தலைகீழ். குழந்தைக்குப் பல் உருவாகும் வயதில் எனாமலில் தாதுக்கள் சரியாகச் சேராமல் போகின்றன, அது ஹைப்போமினரலைசேஷன். சுண்ணாம்பு வெள்ளையில் திட்டு விழுந்து, பிறகு பழுப்புக் கறை ஏறுகிறது. அதே தண்ணீரைப் பல வருடம் குடித்தவரின் எலும்போ அடர்ந்து இறுகுகிறது, ஆஸ்டியோஸ்கிளிரோசிஸ். எலும்பிலிருந்து வெளியே புடைத்தால் எக்ஸாஸ்டோசிஸ், அந்த 'எக்ஸ்' வெளியே என்பது. ஒரே காரணம், இடத்துக்கு இடம் வேறு தலை.

பட்டியலில் 'பாரா' என்பதற்கு 'அருகில்' என்று இருக்கும். பாராதைராய்டுக்கு அது சரி. தைராய்டுக்குப் பின்புறம் பெரும்பாலும் நான்கு சுரப்பிகள். பாராசிட்டமாலில் உள்ளது வேதியியல் பாரா, பென்சீன் வளையத்தில் எதிரெதிர் முனைகளைக் குறிப்பது. வார்டில் அதற்குப் பொருள் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆன்டிநேட்டல், ஆன்டிபயாடிக் இரண்டும் நம் வாயில் ஒன்றாக ஒலிக்கின்றன. முதலாவது லத்தீன், பொருள் 'முன்'. இரண்டாவதுதான் கிரேக்கம், பொருள் 'எதிர்'. ஆங்கிலத்தில் எழுதும்போது டி எழுத்துக்குப் பின் முதலாவதில் இ (e), இரண்டாவதில் ஐ (i).