ஹாலோவீன் அன்று ஐந்தரைக்குள் பேய்ச் சாப்பாடு

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு நான்கு. அக்டோபர் 31 அன்று ஹாலோவீனுக்குப் ‘பேய்ச் சாப்பாடு’ வேண்டுமென்று இருவரும் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். நாங்கள் சைவம். வேலை முடிந்து நான்கரைக்குத்தான் வீட்டுக்கு வருவேன். என்ன செய்யலாம்?

பதில்: அந்தத் தேதியில் உங்கள் ஊரில் ஆறு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். வேஷம் கட்டிய பிள்ளைகள் மிட்டாய் வாங்கத் தெருவில் இறங்கிவிடுவார்கள். திரும்பி வரும்போது சாக்லேட்டுக்கு மட்டும்தான் வயிற்றில் இடமிருக்கும். அதனால் ஐந்தரைக்குத் தட்டு மேசைக்கு வந்தாக வேண்டும். இரண்டு பண்டம் போதும்.

வாசலில் முகம் செதுக்கி, உள்ளே விளக்கேற்றி வைத்த பூசணியைச் சமைக்கும் ஆசை வேண்டாம். செதுக்குவதற்கென்று விற்கும் பெரிய காய் நாரும் நீருமாக இருக்கும், ருசி கிடையாது. வெளியில் கிடந்ததைச் சாப்பிடவும் கூடாது. இந்த விளக்கை முதலில் அயர்லாந்தில் டர்னிப்பில்தான் குடைந்தார்கள். அமெரிக்காவுக்கு வந்த பிறகு பூசணி கிடைத்தது. காய் மாறலாம் என்றால் நமக்கு ஆரஞ்சு நிறக் குடைமிளகாய் இருக்கிறது. காம்புப் பக்கத்தை மூடி போல அறுத்து, விதையை எடுத்துவிட்டு, சிறிய கத்தியால் கண்ணும் வாயும் வெட்டுங்கள். வெட்டும் வேலை உங்களுடையது. எங்கே வெட்டுவது என்று பேனாவால் வரைவது மகனுடையது. ஓட்டைகள் சின்னதாகவே இருக்கட்டும். வாயை அகலமாக வெட்டினால் ஓவனில் வேகும்போது முகம் சரிந்து, பேய் அழுகிற மாதிரி ஆகிவிடும்.

உள்ளே வைக்கக் கறுப்புக் கவுனி அரிசி. முதல் நாள் இரவே ஊறவைத்து, காலையில் ஒரு கப்புக்கு மூன்று கப் தண்ணீர் விட்டுக் குக்கரில் வேகவைத்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மாலையில் வெங்காயம், தக்காளி போட்டு, வழக்கமாக நீங்கள் தாளிக்கும் விதத்திலேயே தாளித்து நன்றாகச் சூடாக்குங்கள். நிறம் புதிதென்றால் ருசியாவது பழகியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சின்னவள் தொடமாட்டாள். சூடான சோற்றை நிரப்பி, 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருபது நிமிடம். கண் வழியே கறுப்பு தெரியும்போது நன்றாகவே பயமுறுத்தும்.

அது வேகும் நேரத்தில் இட்லி ஊற்றுங்கள். வெந்த இட்லி மேல் வேகவைத்த கேரட் வில்லை, அதன் மேல் கறுப்பு ஆலிவ் வளையம்: கண் தயார். முழு ஆலிவ், முழுத் திராட்சை இரண்டும் நாலு வயதுக்குத் தொண்டையில் சிக்கக்கூடியவை, வேண்டாம். தக்காளிச் சட்னியில் ஒரு துண்டு பீட்ரூட் சேர்த்து அரைத்தால் ரத்தச் சிவப்பு வந்துவிடும். ஸ்பூன் நுனியால் கண்ணைச் சுற்றி நரம்பு இழுக்கும் வேலையை மகளிடம் கொடுங்கள். பீட்ரூட் தின்ற மறுநாள் கழிப்பறையில் சிவப்பாகப் போனால் பதற வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

குடிக்க, உலர்ந்த சங்குப்பூவை வெந்நீரில் போட்டு எடுத்த நீல நீர், கொஞ்சம் சர்க்கரை. ஆறியதும் மேசையில் வைத்து, பிள்ளைகள் கையாலேயே எலுமிச்சை பிழியச் சொல்லுங்கள். பூவின் நிறமி புளிப்புப் பட்டால் மாறும், நீலம் ஊதாவாகிவிடும். என்னைக் கேட்டால் அன்றைய விருந்தில் இதுதான் உச்சம். புகை வரவேண்டுமென்று உலர் பனிக்கட்டியை (டிரை ஐஸ், உறைந்த கரியமில வாயு) டம்ளரில் போடாதீர்கள். அது மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். ஒரு துண்டு உள்ளே போனாலும் வாயும் குடலும் புண்ணாகும்.

விளக்கும் பேட்டரி மெழுகுவத்தியாக இருக்கட்டும். தொளதொளவென்ற பேய் அங்கியின் கைப்பகுதி சாப்பிடக் குனியும்போது எங்கே போகும் என்று சொல்ல முடியாது.