பள்ளி வாலிபால் அணி ஜெயித்துக்கொண்டிருக்கிறது, ஆனாலும் பி.டி. சாருக்குத் திருப்தி இல்லையே, ஏன்?

மகளின் அணி, பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கிற குறுவட்டப் போட்டியில் எல்லா ஆட்டமும் ஜெயித்துவிட்டது, அப்படியும் பி.டி. சார் முகம் தெளியவில்லை, சீசன் பாதியில் அணி நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த சாரின் கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது. பள்ளியில் படிக்கும்போது ஆடியவள் நான். இப்போது சாயங்காலம் நேரம் கிடைத்தால் குளச்சல் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் அணிக்குப் பந்து போட்டுக் கொடுக்கப் போகிறேன். எங்கள் பிள்ளைகளும் உங்கள் மகள் நிற்கிற இடத்தில்தான் நிற்கிறார்கள். குறுவட்டம் முடிந்தது, மாவட்டப் போட்டி இனிமேல்தான்.

குறுவட்டத்தில் ஜெயிக்க நல்ல சர்வீஸ் போடுகிற இரண்டு பேர் இருந்தாலே போதும். எதிரணிப் பிள்ளைகளுக்குப் பந்தை எடுக்கத் தெரியாது; கையை நீட்டுவார்கள், பந்து எங்கேயாவது தெறித்துப் போகும். இப்போதுள்ள முறையில் ஒவ்வொரு ராலிக்கும், அதாவது சர்வீஸிலிருந்து பந்து சாகிற வரைக்கும் நடக்கிற ஆட்டத்துக்கும், புள்ளி உண்டு; சர்வீஸ் போடுகிற அணி புள்ளி எடுத்துக்கொண்டே இருக்கிற வரைக்கும் சர்வீஸும் மாறாது. அதனால் ஒரே பிள்ளை நின்ற இடத்திலேயே எட்டு பத்துப் புள்ளி வாரிக்கொண்டு வந்துவிடுவாள். செட் 25க்கு முடிந்துவிடும், வெளியே நிற்கிறவர்களுக்கு அணி பிரமாதமாகத் தெரியும். மற்ற ஐந்து பேரும் பந்தைச் சரியாகத் தொட்டே இருக்கமாட்டார்கள். மாவட்ட அளவில் அதே சர்வீஸை எடுத்துத் திருப்பி அடிக்கிற பிள்ளைகள் வருவார்கள். உங்கள் சார் அதைத்தான் யோசிக்கிறார் என்று நினைக்கிறேன்.

அதனால் நான் முதலில் பார்ப்பது எதிரணி சர்வீஸ் போடும்போது நம் பக்கம் என்ன நடக்கிறது என்பதை. முதல் பாஸ் செட்டருக்குப் போகிறதா, செட்டர் தூக்கிக் கொடுக்கிறாளா, மூன்றாவது தொடுதலில் அடி விழுகிறதா? ஜூன் மாதத்தில் எங்கள் பிள்ளைகள் பந்து வந்ததும் பயத்தில் முதல் கையிலேயே எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவார்கள். முழங்கால் மடங்காது, கை மட்டும் வீசும். இப்போது பாதிக்குப் பாதி பந்து செட்டர் தலைக்கு மேலே போகிறது. அடி இன்னும் பலமில்லை, பரவாயில்லை. பாஸ் சரியானால் அடி பின்னாலேயே வரும்.

அப்புறம் காற்று. நம் மாவட்டத்தில் ஆட்டம் பெரும்பாலும் திறந்த மைதானத்தில்தான், அதுவும் தென்மேற்குப் பருவக் காற்று அடிக்கிற மாதங்களில். காற்றுக்கு எதிராக நின்று சர்வீஸ் போட்டால் பலமாக அடித்தாலும் பந்து கோட்டுக்குள்ளே இறங்கும். காற்று முதுகில் அடித்தால் அதே சர்வீஸ் வெளியே போய்விடும். கடற்கரைப் பிள்ளைகளுக்கு இது யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்திருக்கிறது. எங்கள் கேப்டன் டாஸ் ஜெயித்தால் சர்வீஸ் கேட்பதில்லை, பக்கம் கேட்கிறாள். அவளாக யோசித்து எடுக்கிற முடிவு அது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மனப்பான்மையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு புள்ளி போனதும் பிள்ளைகள் யாரைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். ஆரம்பத்தில் எங்கள் அணியில் ஆறு பேரும் திரும்பி சாரைத்தான் பார்ப்பார்கள், திட்டு விழுமோ என்று. போன மாதம் மார்த்தாண்டம் பக்கத்து அணியோடு ஒரு நட்பு ஆட்டம். லிபரோவாக, அதாவது பின்வரிசையில் பந்தை எடுப்பதற்கென்றே நிற்பவளாக, ஆடுகிறவள் எட்டாம் வகுப்புதான், எதிரணி போட்ட மூன்று சர்வீஸைத் தொடர்ந்து எடுக்காமல் விட்டுவிட்டாள். கண் கலங்கி நின்றாள். பத்தாம் வகுப்பு செட்டர் வலைப் பக்கத்திலிருந்து நடந்து வந்து, அவள் கையைப் பிடித்து, "பிள்ளே, போனது போட்டு. அடுத்தத எனக்க தலைக்கு மேல போடு, மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். நாலாவது பந்து மேலே வந்தது. அந்த ஆட்டத்தில் தோற்றோம். ஆனால் குறுவட்டத்தில் ஜெயித்த எல்லா ஆட்டத்தையும்விட அதில்தான் நன்றாக ஆடினோம் என்று அடித்துச் சொல்வேன்.

எனக்குக் கவலை பெஞ்சைப் பற்றித்தான். அணியில் பன்னிரண்டு பேர், உள்ளே ஆறு பேர். இறங்க வாய்ப்பே கிடைக்காத இரண்டு பிள்ளைகள் இப்போது டியூஷன் என்று சொல்லிப் பயிற்சிக்கு வருவதில்லை. காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது இன்னும் சிலர் நின்றுவிடக்கூடும். விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது என்று சார் பெற்றோரிடம் எடுத்துச் சொல்கிறார். அது நல்ல விஷயம்தான், ஆனால் ஆடவே விடாத பிள்ளையை அது மைதானத்துக்குக் கொண்டுவராது. மாவட்டப் போட்டிக்கு முன்னால் நட்பு ஆட்டங்களில் ஒரு செட்டாவது அந்தப் பிள்ளைகளை முழுசாக இறக்கிவிட வேண்டும், தோற்றாலும் சரி. சாரிடம் சொல்லியிருக்கிறேன், அவரும் சம்மதித்துவிட்டார்.

நீங்களும் ஒருநாள் பயிற்சி நேரத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். மகள் வீட்டுக்கு வந்ததும் எத்தனை புள்ளி எடுத்தாய் என்று கேட்காமல், பாஸ் யாருக்குப் போட்டாய், நல்லா போச்சா என்று கேளுங்கள். முதலில் முழிப்பாள், அப்புறம் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

எங்களுக்கு இன்னும் பிளாக், அதாவது எதிரணி அடிக்கிற பந்தை வலைக்கு மேலேயே கையால் தடுப்பது, வரவில்லை. 2.24 மீட்டர் வலைக்கு மேலே கை போகிறவர்கள் இரண்டே பேர், அவர்களும் அடிக்கிறவள் குதிப்பதற்கு முன்பே குதித்துவிடுகிறார்கள். மழை விட்டால் வருகிற வாரம் முழுக்க அந்தப் பயிற்சிதான்.