பழைய ஹார்ன் ஸ்பீக்கர்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: கிளிப்ஷ்ஹார்ன் (அறை மூலையில் வைக்கும் பெரிய ஹார்ன் ஸ்பீக்கர்) ஜோடி வாங்கினேன், பாஸே, அதாவது தாழ்ந்த ஒலியே, இல்லை. அதைத் தரும் ஊஃபர் போய்விட்டதா?

ஊஃபரைக் கழற்றாதீர்கள், முதலில் மூலையைப் பாருங்கள். பால் கிளிப்ஷ் 1946-ல் தொழில் தொடங்கியதே இந்த வடிவத்தை நம்பித்தான். உள்ளே மடிந்து வரும் பாஸ் ஹார்ன் (ஒலியைப் பெருக்கும், போகப்போக விரியும் குழல்) பெட்டியோடு முடிவதில்லை, அறையின் இரண்டு சுவர்கள்தான் அதன் கடைசிப் பகுதி. பெட்டியின் பின் ஓரத்துக்கும் சுவருக்கும் நடுவே சந்து இருந்தால் பாஸ் அங்கேயே கசிந்துவிடும். ஒரு தாளை அந்த ஓரத்தில் மேலிருந்து கீழாக இழுங்கள். எங்கே தடையில்லாமல் நழுவுகிறதோ அங்கே மெத்தென்ற ஃபோம் பட்டை ஒட்டிப் பெட்டியை நெருக்கித் தள்ளுங்கள். நான் மாதக்கணக்கில் ஆம்ப்ளிஃபயரையே சந்தேகப்பட்டேன். சுவரடியில் ஓடிய பட்டை ஒரு விரல் அகலத்துக்குப் பெட்டியை முன்னே தள்ளி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

கேள்வி: 200 வாட் ஆம்ப் போதுமா?

தேவையே இல்லை. 1 வாட்டுக்கு 1 மீட்டரில் ஏறத்தாழ 104 டெசிபல் தரும் ஸ்பீக்கர் இது. 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு அதே சத்தத்துக்கு 25 வாட் வேண்டும். முதல் வாட் சுத்தமாக, இரைச்சலில்லாமல் இருக்கிற ஆம்ப் தேடுங்கள்.

கேள்வி: ஹெரசிக்கும் (கிளிப்ஷின் சிறிய ஸ்பீக்கர்) மூலை வேண்டுமா?

கட்டாயமில்லை. அதில் பாஸ் ஹார்ன் கிடையாது, பழைய மாடல்கள் மூடிய பெட்டி.

கேள்வி: கிராஸ்ஓவரில் (ஒலியைத் தாழ்ந்தது, உயர்ந்தது என்று பிரித்து அனுப்பும் சுற்று) புது கெப்பாசிட்டர் போட்டதும் ஒலி காதைக் குத்துகிறது. பழையதே மேல் என்கிறேன்.

பழையதன் உள்தடை வருஷக்கணக்கில் ஏறி உச்ச ஒலியை மங்கடித்திருக்கும், உங்கள் காது அந்த மங்கலுக்குப் பழகியிருக்கும். இரண்டையும் மீட்டரில் அளந்து பாருங்கள். ஒன்று முக்கியம்: பழைய எண்ணெய் டப்பா கெப்பாசிட்டரை அறுக்கவோ துளையிடவோ கூடாது. அமெரிக்கா 1979-ல் தடைசெய்த பிசிபி என்ற நச்சு எண்ணெய் உள்ளே இருக்கலாம்.

கேள்வி: மீட்டர் என்ன சொன்னால் என்ன, காதுதானே கேட்கிறது?

காதுதான் முடிவு செய்யட்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புதிதாகப் போட்டது அதே மைக்ரோஃபாரட் (கெப்பாசிட்டரின் அளவு) மதிப்புதானா என்று காது சொல்லாதே! மதிப்பு தவறினால் ஒலி பிரிகிற கிராஸ்ஓவர் புள்ளியே நகர்ந்துவிடும், அப்புறம் எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள்? மதிப்பு சரியாக இருந்தும் குத்தினால் நடு ஒலிக்கான ஹார்னை நகத்தால் சுண்டுங்கள். உலோக ஹார்ன் மணிபோல ஒலித்தால் வெளிப்புறத்தில் மட்டும் பிசின் பட்டை ஒட்டுங்கள்.

கேள்வி: நான் பழைய கெப்பாசிட்டரைத் திறந்து பார்க்கலாமா?

கூடாது. கசிந்திருந்தால் கையுறை இல்லாமல் தொடவும் கூடாது.

கேள்வி: 100 வாட் ஆம்ப்?

மேலே 200 வாட்டுக்குச் சொன்னதேதான். தாளை இழுத்துப் பார்த்தீர்களா?